குசினி வாசல் தெரிந்த படம்

அன்றைக்கு வீட்டில் நின்றவர்கள் இவ்வளவு பேர். நான். என் மனுசன். மகள். பிரான்சில் இருந்து வந்த மாப்பிள்ளை. மாப்பிள்ளையின் தாய். தாயின் தமையன். சுவாமி. பக்கத்து வீட்டு அக்கா. கடைசியாக என் தம்பி. கமெரா தம்பியின் கையில் இருந்தது. அதனால் அவன் ஒரு படத்திலும் இல்லை.

2003. சண்டை நின்ற சமாதான காலம். பாதை திறந்து, வெளிநாட்டில் இருந்தவர்கள் வந்து போன வருசம். தம்பியும் வந்தான். போகும்போது மீசை இல்லாமல் போனவன். வரும்போது தலையில் முடி இல்லை. மாப்பிள்ளையையும் அவன்தான் கூட்டிக்கொண்டு வந்தான். பாரிசில் இரண்டு பேரும் ஒரே அறை. ஒரே சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினவர்கள்.

"அக்கா, பொடியனுக்கு நான் பொறுப்பு. கண்ணை மூடிக்கொண்டு குடுக்கலாம்" என்றான்.

அவர்களுக்கு லீவு கொஞ்சம். மாதா கோயிலில் மூன்று ஞாயிறு அறிவித்துத் தாலி கட்ட நேரம் இல்லை. அதனால் மோதிரம் மட்டும் மாற்றுவது, கலியாணம் அடுத்த வருசம் என்று பேசி முடித்தோம். பங்குச் சுவாமி வந்து மோதிரத்தை மந்திரித்தார்.

என் மனுசன் அன்று குசினியில் நின்றார். விளைமீன் பெரிதாக ஒன்று வந்திருந்தது. அதை வேறு யாரும் வெட்டினால் அவருக்குப் பிடிக்காது. வேர்வைக்குச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வெட்டினார். "மோதிரம் போடப் போகினம், வாங்கோ" என்று நான் கூப்பிட்டேன். வந்தார். கையில் மீன் பேசின். மேலில் ஒன்றும் இல்லை. அவர் குசினி வாசலுக்கு வரவும் தம்பி படத்தை அடிக்கவும் சரியாக இருந்தது.

அந்தக் கமெராவுக்குப் பின்னால் சின்னக் கண்ணாடி ஒன்று. எடுத்த படம் உடனே அதில் தெரியும். எங்கள் ஊரில் அதற்கு முதல் நாங்கள் அப்படிக் காணவில்லை. தம்பி எல்லாருக்கும் காட்டினான். மகளும் மாப்பிள்ளையும் நடுவில். பின்னால் என் மனுசன், மீன் பேசினோடு, கமெராவை நேரே பார்த்துக்கொண்டு. சுவாமிக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை.

"அழியடா அதை" என்றார் என் மனுசன்.

"அழிக்கத் தேவையில்லை அத்தான். உங்களை மட்டும் வெட்டி எடுக்கலாம்."

"அப்ப மீனை விட்டிட்டு என்னை வெட்டு."

மோதிரம் போடுவதை அந்த ஒருதரம்தான் எடுத்தான். பிறகு கமெராவோடு போய்விட்டான். எங்களுக்குக் கடதாசியில் ஒரு படமும் வரவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். ஒருத்தர் வெளிநாடு போவதென்றால் பிளேன் எழும்பும்வரை ஆருக்கும் சொல்லமாட்டார்கள். சொன்னால் பெட்டிசம் போகும். பேர் போடாத கடிதம். எம்பசிக்குப் போகும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும். சிலவேளை கோயிலுக்கும் போகும். பக்கத்து வீட்டு அக்கா தன் மகனை அனுப்பும்போது, "வவுனியாவில வேலை கிடைச்சிட்டுது" என்றுதான் எனக்குச் சொன்னா. அவன் கனடாவில் இருந்து போன் எடுத்த பிறகுதான் எனக்குத் தெரியும். நான் கோபிக்கவில்லை. நானும் அப்படித்தான் செய்திருப்பேன்.

அதனால், ஊர்ப் பக்கத்தில் படம் போடப் போகிறேன் என்று தம்பி சொன்னபோது எனக்கு விருப்பமில்லை. ஊர்ப் பக்கம் என்பது இன்ரநெற்றில் எங்கள் ஊரின் பேரில் தம்பி நடத்தின பக்கம். கோயில் திருநாள், செத்தவீட்டு அறிவித்தல், ஆர் வீட்டில் என்ன விசேசம், எல்லாம் அதில் வரும். உலகம் முழுக்க இருக்கிற எங்கள் சனம் பார்க்கும்.

சந்திக் கடையில்தான் அப்போது போன். அதில் கூப்பிட்டுச் சொன்னான்.

"பொம்பிளைப் பிள்ளையின்ர படம் தம்பி. ஆரும் எடுத்தா?"

"எடுக்க ஏலாது அக்கா. பூட்டிப் போட்டிருக்கிறன். மவுசின்ர வலது பக்கத்தை அமத்தினாத்தான் படத்தை எடுக்கலாம். இதில அமத்தினா, எடுக்க ஏலாதெண்டு ஒரு பெட்டி வரும். படத்துக்குக் குறுக்கால ஊரின்ர பேரும் அடிச்சிருக்கிறன். வாறவன் பாத்திட்டுப் போகலாம். கொண்டு போக ஏலாது."

"வாறவன் ஆரெண்டு உனக்குத் தெரியுமோ?"

"தெரியாது. அதுக்குத்தானே பூட்டு."

அது எனக்குச் சரியாகப் பட்டது. தெரியாதவனுக்குத்தான் பூட்டு.

மகளும் நானும் யாழ்ப்பாணம் போனோம். வேலணை கழிந்து, அல்லைப்பிட்டி கழிந்து, பண்ணையில் இறங்கி ஆமிச் சோதனை முடித்து, திரும்ப பஸ் ஏறி. ஆசுபத்திரி வீதிப் பக்கம் ஒரு கடை. பலகையால் மறைத்து மறைத்துக் கொம்பியூட்டர் வைத்திருந்தார்கள். மகள் தட்டினாள். படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. முதலில் கூரை. பிறகு தலைகள். பிறகு மகளின் கழுத்து. கழுத்துக்குக் குறுக்கே வெள்ளை எழுத்தில் எங்கள் ஊரின் பேர்.

"மாமா என்னை பஸ் ஆக்கிப் போட்டார்" என்றாள் மகள்.

எனக்கும் அந்த எழுத்து பிடிக்கவில்லை. நல்ல முகம். எழுத்து அதைக் கெடுத்துப் போட்டது. பூட்டு என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன்.

"அப்பாவைக் காணேல்லை" என்றாள்.

குசினி வாசலே இல்லை. தம்பி சொன்னபடி வெட்டிவிட்டான். படம் சுவாமியின் தோளோடு முடிந்தது.

மகள் வலது பக்கத்தை அமத்திப் பார்த்தாள். பெட்டி வந்தது. படத்தை எடுக்க அனுமதி இல்லை என்று எழுதியிருந்தது. கடைக்காரர் பின்னால் நின்று பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, நானும் கடை முகப்பில 'கடன் இல்லை' எண்டு எழுதி வைச்சிருக்கிறன். ஆரும் கேக்காமல் விட்டவையோ?"

"அப்ப எடுக்கலாமோ?"

"எடுக்க நினைச்சவன் எடுப்பான். உங்கட படத்தை ஆர் அக்கா எடுக்கப் போகினம்?"

எனக்கு அது ஒரு பயத்தைத் தந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் நான் தெரியாதவர்களைத்தான் நினைத்தேன். லண்டனில் ஒருத்தன். கொழும்பில் ஒருத்தன். எங்கேயோ இருந்து எங்கள் பிள்ளையை எடுக்கிறான் என்று.

வீட்டுக்கு வந்து, "உங்களை வெட்டியாச்சு" என்று மனுசனுக்குச் சொன்னேன்.

"நல்லது. அந்த நாடெல்லாம் குளிர். சட்டை இல்லாமல் நான் என்னெண்டு நிக்கிறது" என்றார்.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திக் கடைக்குப் போன் எடுப்பார். முதல் இரண்டு மாதம் நல்லாக் கதைத்தார். பிறகு குடித்துவிட்டுக் கதைத்தார். நேற்று எங்கே போனாய், ஆரோடு நின்றாய், கடையில் நிற்கிறவன் ஆர் என்று கேட்பார். ஒரு ஞாயிறு மகள் ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு நடந்து வந்துவிட்டாள். அவர் அது தெரியாமல் கன நேரம் ஏசிக்கொண்டு இருந்தாராம். கடையில் நின்றவர்கள் சுற்றிவர நின்று கேட்டார்களாம்.

"எனக்கு ஏலாது அப்பா" என்றாள்.

"அப்ப விடு" என்றார் என் மனுசன். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த நாள் சட்டை போட்டுக்கொண்டு போய் மோதிரத்தை மாப்பிள்ளையின் தாயிடம் குடுத்துவிட்டு வந்தார்.

தம்பி போனில் கத்தினான். "நான் வாக்குக் குடுத்தனான் அக்கா. அவன்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? ஒரே அறையில இருக்கிறன்."

என் மனுசன் ரிசீவரை வாங்கினார். "நீ அறையை மாத்து. அது லேசு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இரண்டு மாதம் தம்பியின் சத்தம் இல்லை. பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி எடுத்தான். "அக்கா, அந்தப் படத்தைப் பக்கத்தில இருந்து எடுத்துப் போட்டன். என்னட்டையும் இல்லை. எல்லாம் அழிச்சாச்சு. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ." அவனுக்கு நன்றி சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

2005இல் என் மனுசன் நெஞ்சு நோகுதென்று படுத்தார். எழும்பவில்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு படம் தேடினோம். கலியாணப் படம் இடம்பெயரும்போது போய்விட்டது. அடையாள அட்டைப் படம் மட்டும் இருந்தது. அதில் அவர் ஆரோ மாதிரி இருப்பார். தம்பியிடம் கேட்டேன்.

"நீ எடுத்ததில அத்தான் நிண்டவர். சட்டை இல்லாட்டியும் பரவாயில்லை. அதை அனுப்பு."

"அண்டைக்கே அழிச்சுப் போட்டனே அக்கா" என்று அழுதான். நானும் அழுதேன். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து வைத்தோம். வந்த சனம் இது ஆர் என்று கேட்டது.

அடுத்த வருசத் தொடக்கத்தில் மகளுக்கு வேறு இடம் சரிவந்தது. ஊர்காவற்றுறைப் பிள்ளை. கனடாவில் வேலை. மகள் அவரிடம் முதலிலேயே சொன்னாள், "ஒருதரம் மோதிரம் மாத்தித் திருப்பிக் குடுத்தனாங்கள்" என்று. "அதுக்கென்ன" என்றார். அவர் வந்து நின்று, கோயிலில் அறிவித்து, தாலி கட்டிப் பதிந்துவிட்டுப் போனார். அவளைக் கனடாவுக்குக் கூப்பிட எழுதிப் போட்டார். அந்த வருசமே திரும்பச் சண்டை தொடங்கிப் பாதை பூட்டிவிட்டது. சுற்றிவரச் செத்தவீடுகள். அவளை எப்படியும் அனுப்பிவிட வேண்டும். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது.

எம்பசியில் இருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் ஆருக்கும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கேட்டதற்கு, "கொழும்பில பல்லுக் காட்டப் போறம்" என்றேன். தம்பிக்கு மட்டும் சொன்னேன். என்ன திகதி, எத்தனை மணி, எல்லாம். அவன் வெளியாள் இல்லை.

நேவியிடம் அனுமதி எடுத்து, காங்கேசன்துறையில் கப்பல் ஏறி, திருகோணமலையில் இறங்கி, பஸ்ஸில் கொழும்பு. மகள் வழி முழுக்கச் சத்தி எடுத்தாள். எம்பசிக்குள் அவளை மட்டும்தான் விட்டார்கள். நான் எதிர்ப்பக்கத்து மரத்துக்குக் கீழே நின்றேன்.

வெளியே வந்தாள். தண்ணி வாங்கிக் குடித்தாள்.

"என்ன கேட்டவை பிள்ளை?"

"கடிதம் ஒண்டு வந்திருக்காம். நான் முதலே கலியாணம் முடிச்சனானாம். அந்த மனுசன் பிரான்சில இருக்கிறாராம். இது பொய்க் கலியாணமாம்."

"ஆர் எழுதினது?"

"பேர் இல்லை."

பெட்டிசம்.

"படமும் வைச்சு அனுப்பியிருக்கினம் அம்மா. மோதிரம் போடுற படம்."

"ஊர்ப் பக்கத்தில கிடந்ததோ? எழுத்தோட?"

"எழுத்து இல்லை. அப்பா நிண்டவர்."

"எங்க?"

"குசினி வாசலில. பேசினோட. அப்பா மட்டும்தான் கமெராவைப் பாக்கிறார். அவை கேட்டதுக்கு நான் ஒழுங்காப் பதில் சொல்லேல்லை அம்மா. அப்பாவையே பாத்துக்கொண்டு இருந்திட்டன். அந்தப் படத்தை எனக்குத் தாறீங்களோ எண்டு கேட்டனான். ஏலாதாம்."

அந்த மரத்துக்குக் கீழே நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கியது. நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவள். கொம்பியூட்டர் தெரியாது. ஆனால் இதற்கு அது தேவையில்லை. பூட்டை உடைக்கத் தெரிந்தவன் இருப்பான். எழுத்தை அழிக்கத் தெரிந்தவனும் இருப்பான். வெட்டி எறிந்த என் மனுசனைத் திரும்பக் கொண்டுவந்து குசினி வாசலில் நிறுத்த ஆருக்கும் ஏலாது. ஊர்ப் பக்கத்துக்கு வந்து போனவர்கள் ஒருத்தரும் அவரைக் காணவில்லை. அவர் நின்ற படம் தம்பியின் கமெராவுக்குள் மட்டும்தான் இருந்தது.

லொட்ஜில் இருந்து அவனுக்கு எடுத்தேன். பின்னால் கோப்பைச் சத்தம் கேட்டது. வேலையில் நின்றான்.

"பெட்டிசம் போயிருக்குத் தம்பி. படத்தோட."

"ஐயோ அக்கா. எந்தப் படம்?"

"மோதிரம் போடுற படம்."

"பக்கத்தில கிடந்த அந்த அஞ்சாறு மாதத்துக்குள்ள எவனோ எடுத்திட்டான் போல."

"ஏலாது எண்டனீ."

"இப்ப கெட்டிக்காரர் இருக்கினம் அக்கா. பூட்டென்ன, எழுத்தையும் அழிப்பினம்."

"எழுத்து இல்லையெண்டு நான் உனக்குச் சொல்லேல்லையே."

அவன் பக்கத்தில் ஆருக்கோ பிரெஞ்சில் ஏதோ சொன்னான்.

"அத்தான் நிக்கிறார் தம்பி."

"என்ன?"

"படத்தில அத்தான் நிக்கிறார். பேசினோட."

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"செத்தவீட்டுக்குக் கேட்டனான். இல்லையெண்டு அழுதனீ."

அப்போதுதான் கத்தத் தொடங்கினான். "நீங்கள் என்னை அவனுக்கு முன்னால என்ன மாதிரி விட்டிட்டுப் போனனீங்கள் எண்டு ஒருநாளெண்டாலும் யோசிச்சனீங்களோ? எத்தினை பேர் கேட்டவை தெரியுமோ? அக்காவின்ர வீட்டிலேயே உனக்கு மதிப்பில்லை எண்டு. அத்தான் அறையை மாத்தச் சொல்லுறார். அறையை!"

"கடிதம் நீ எழுதினனியோ, அந்த மாப்பிள்ளை எழுதினவரோ?"

"நான் வேலையில நிக்கிறன் அக்கா. பிறகு எடுக்கிறன்."

எடுக்கவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. எழுதினது ஆர் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. படத்தைக் குடுத்தது ஆர் என்று தெரியும்.

எம்பசி மறுத்து எழுதியது. மருமகன் அங்கே ஒரு வக்கீலைப் பிடித்தார். நான் இங்கே ஆட்களைப் பிடித்தேன். மோதிரம் மந்திரித்த சுவாமி வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். தேடிப் பிடித்தோம். மோதிரம் மட்டும்தான், கலியாணம் இல்லை, கோயிலில் அறிவிக்கவும் இல்லை என்று எழுதித் தந்தார். பழைய மாப்பிள்ளையின் தாயிடமும் போனேன். கதவைத் திறக்கவில்லை. உள்ளே றேடியோ பாடியது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் கடைசியாகப் போனேன். அவவும் அன்று நின்றவ. சமாதான நீதவானுக்கு முன்னால் ஒரு கையெழுத்து வைக்க வேண்டும்.

"பல்லுக் காட்டப் போனனீர் எல்லோ" என்றா. "பல்லுக்கு ஏன் என்ர கையெழுத்து?"

எழுதி வந்த கடதாசியை நீட்டினேன்.

"நான் பெட்டிசம் போட்டிடுவன் எண்டுதானே சொல்லேல்லை?"

"ஓம் அக்கா."

"ஆருக்குச் சொன்னனீர்?"

"தம்பிக்கு."

என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தா. பிறகு உள்ளே போய்ச் சீலை மாற்றிக்கொண்டு வந்தா. "நடவும்" என்றா. பஸ்ஸில் தன்ர ரிக்கற்றைத் தானே எடுத்தா. என்னை எடுக்க விடவில்லை.

2008இல் விசா வந்தது. மகள் போனாள். கட்டுநாயக்கா எயார்போட் வாசலில் வைத்து, "ஒரு படம் எடுப்பமே அம்மா?" என்று கேட்டாள். புதுப் போனில் கமெரா இருந்தது. வேண்டாம் என்றேன். அவள் வற்புறுத்தவில்லை. உள்ளே போகும்போது திரும்பிப் பார்த்தாள். கையைக் காட்டினேன்.

ஊர்ப் பக்கம் இன்னும் நடக்கிறதாம். யாழ்ப்பாணம் போய் வருகிற ஆட்கள் சொல்வார்கள். திருநாள் படமெல்லாம் நல்ல வடிவாம், கீழே 'படங்களைப் பிரதி எடுப்பது தடை' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்காம். எங்கள் ஊரின் படத்தை எவனோ களவெடுத்துவிட்டான் என்று தம்பி அதில் ஒரு கட்டுரையும் எழுதினானாம். சனம் நியாயம் என்று சொல்லியிருக்கிறது.

நத்தாருக்கும் வருசப் பிறப்புக்கும் எனக்குப் போன் எடுப்பான். நானும் கதைப்பேன். சாப்பிட்டனியோ, குளிரோ, இவ்வளவுதான். கூடப்பிறந்தவன். அம்மா சாகும்போது அவன் கையை என் கையில்தான் பிடித்துத் தந்தவ. அந்தப் படத்தைக் கேட்போமா என்று ஒவ்வொரு முறையும் வாய்வரை வரும். என் மனுசன் அதற்குள் நிற்கிறார். கேட்டால், அவனிடம் இருக்கிறது என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அவன் இல்லை என்று சொன்னால் அந்தப் பொய்யை இன்னொருதரம் நான் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

மகளுக்கு மகன் பிறந்தான், எனக்குப் பேரன். அவள் பிள்ளையின் படத்தை இன்ரநெற்றில் ஒரு இடத்திலும் போடுவதில்லை. கடையில் குடுத்துக் கடதாசியில் எடுத்து, மட்டை வைத்து, தபாலில் எனக்கு அனுப்புகிறாள். உறையின் மேல் என் பேரும் விலாசமும் மட்டும். தபால் பிந்தித்தான் வரும். வந்ததைப் பார்த்துவிட்டு அலுமாரியில் சீலைக்குக் கீழே வைத்துப் பூட்டுவேன். பக்கத்து வீட்டு அக்கா வந்தால் மட்டும் எடுத்துக் காட்டுவேன். அவ சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுத்தான் வாங்குவா.

2009 நத்தாருக்குத் தம்பி எடுத்தான். குரல் நல்ல சந்தோசமாக இருந்தது.

"அக்கா, பேரன் பிறந்திருக்கிறானாம். ஒரு வார்த்தை சொன்னனீங்களோ? ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

"ஓம். பிறந்திருக்கிறான்."

"ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கோ. பக்கத்தில வாழ்த்துப் போடுவம். நீங்கள் பயப்பிடாதேங்கோ, இப்ப பூட்டு வேற மாதிரி. முந்தினது மாதிரி இல்லை. வாறவன் ஒருத்தனாலும் எடுக்க ஏலாது."

"படம் இல்லைத் தம்பி."

"உங்களிட்ட ஒண்டுமோ இல்லை?"

"ஒண்டும் இல்லை."

அலுமாரிக்குள் இருந்தது பதினேழு.